துவைகல் ஓரத்து யானைக்காது

கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்த முதல் வருஷத்திலேயே ஒரு மல்லிகை, ஒரு கறிவேப்பிலை, ஒரு செம்பருத்தி என்று வரிசையாகச் சாகடித்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் வீடு உப்பளத்தை ஒட்டிய தெருவில், கடைசியில் இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் உப்புப் பாத்திகள்தான். கொல்லை மண்ணைக் கொத்தினால் சாம்பல் நிறத்தில் வரும். இரண்டு நாள் வெயில் பட்டதும் அதன் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். நான் பிறந்தது திண்டிவனத்துப் பக்கம், ஏரித் தண்ணீரில் விவசாயம் பார்க்கும் ஊர். அங்கே கீரை விதை கை தவறி விழுந்தால்கூட முளைத்துவிடும். அதனால் செடி வளர்ப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. அது மரக்காணத்தில் அடங்கியது.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். என் கணவர் மினி லாரி ஓட்டுகிறார். மாமனார் சின்ன வயதிலிருந்து உப்பளத்தில் வேலை செய்கிறார். இப்போதும் தை பிறந்துவிட்டால் வரப்பில்தான் இருப்பார். நாத்தனார் கடைவீதியில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தாள். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே வந்த நாளிலிருந்தே வீட்டுப் பெரிய பொம்பளை என்ற பட்டம் எனக்குத்தான். நாத்தனாருக்கும் எனக்கும் அதிக வயது வித்தியாசம் கிடையாது. இருந்தாலும் கோலத்துக்கு எத்தனை புள்ளி என்பது முதல் வங்கிக் கார்டு தொலைந்தால் யாரிடம் போவது என்பது வரை எல்லாவற்றையும் அவள் என்னிடம்தான் கேட்பாள்.

செம்பருத்தியும் கருகி விழுந்த அன்று மாமனார் அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டே சொன்னார்.

"ஏம்மா, இந்த மண்ணு ஒண்ணே ஒண்ணுதான் விளைவிக்கும். அதையும் நாங்க விளைவிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். உனக்கு எதுக்கு இந்த வீண் வேலை?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கொல்லையில் பச்சையாக ஒன்றுகூட இல்லாமல் இருப்பது எனக்கு முகம் கழுவாமல் இருப்பதுபோல இருந்தது.

எனக்கு வேலை குயிலாப்பாளையத்தில், ஒரு விருந்தினர் விடுதியில். அறைகளைச் சுத்தம் செய்து, படுக்கை விரித்து வைக்க வேண்டும். காலையில் பாண்டிச்சேரி பஸ் பிடித்து பொம்மையார்பாளையத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் உள்ளே போவேன். விடுதிக்கு நடுவில் ஒரு சின்னக் குளம் உண்டு. அது நிறைந்து வழியும் தண்ணீர் ஒரு கல் வாய்க்காலில் மெதுவாக ஓடும். அந்த வாய்க்காலின் இரண்டு கரையிலும் யானைக்காதுச் செடிகள் நிற்கும். சேம்பு இனம்தான், ஆனால் நாம் கிழங்கு எடுக்கிற சேம்பு இல்லை. ஒவ்வொரு இலையும் ஒரு முறம் அளவு, சிலது அதைவிடப் பெரிது. தண்டு என் தோள் உயரம். காற்றடித்தால் எல்லா இலையும் ஒன்றாகத் தலையை ஆட்டும். யாரோ சொன்னதை எல்லோருமாக ஆமாம் ஆமாம் என்று ஒத்துக்கொள்வதுபோல இருக்கும். ஜன்னல் ஓரத்துக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றும்போது என் கை தானாக நின்றுவிடும்.

ஒரு நாள் தோட்டக்காரர் வாய்க்காலில் இறங்கி, அடைத்துக்கொண்டிருந்த கன்றுகளைப் பிடுங்கிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் துடைப்பத்தோடு போய் நின்றேன்.

"அண்ணா, இதெல்லாம் எங்க போடுவீங்க?"

"குப்பைக்குத்தான்மா. விட்டா வாய்க்காலையே மூடிடும்."

"எங்க ஊர் உப்பு மண்ணுல வருமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உப்பு மண்ணுல நேரா வெச்சா வராது. ஆனா இதுக்கு ஈரம் போதும்மா. தண்ணி நிக்கிற இடம் இருந்தா பிழைச்சுக்கும். குளிக்கிற தண்ணி எங்க போவுது உங்க வீட்டுல?"

கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில்தான் போகும். அங்கே எப்போதும் சொதசொதவென்று இருக்கும், கொசுவும் இருக்கும். அதைச் சொன்னதும் அவர் பெரிய கன்றாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வேரோடு சிமெண்ட் சாக்கில் கட்டிக் கொடுத்தார். "திங்கறதுக்கு இல்ல, பாத்துக்க. பாலு பட்டா அரிப்பு எடுக்கும்" என்று ஒரு எச்சரிக்கையும் கூடவே வந்தது.

சாயங்கால பஸ்ஸில் அதைக் கொண்டுபோனது ஒரு தனி ஊர்வலம். எனக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. மடியில் சாக்கு, சாக்குக்கு மேலே மூன்று இலைகள். கடல்காற்றுக்கு ஒரு இலை முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவரின் வழுக்கைத் தலையில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் இழுப்பேன், அது மறுபடியும் போய்ப் படுக்கும். அவருக்கு அது சுகமாக இருந்ததோ என்னவோ, மரக்காணம் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

வெறும் உப்பு மண்ணில் வைக்கக் கூடாது என்பதுதான் எனக்கு உறைத்துவிட்டதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி பைக்கில் இரண்டு மூட்டை ஏரி வண்டல் கொண்டுவந்தான். துவைகல்லுக்குக் கீழே பெரிய குழியாக வெட்டி, வண்டலும் மாட்டுச் சாணமும் கலந்து நிரப்பிக் கன்றை வைத்தேன். துணி துவைக்கிற சோப்புத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். குளிக்கிற தண்ணீரும் அரிசி கழுவுகிற தண்ணீரும் மட்டும் செடிக்கு.

மாமனார் சுற்றி வந்து பார்த்தார். அவரைப் பொறுத்தவரை ஒரு செடி என்றால் காய்க்க வேண்டும், இல்லாவிட்டால் பூக்க வேண்டும்.

"காய் காய்க்குமா?"

"இல்ல மாமா."

"பூவு?"

"எப்பயாவது ஒண்ணு வருமாம். சாமிக்கெல்லாம் வெக்க முடியாது."

"கீரையா கடைஞ்சு திங்கலாமா?"

"அரிக்குமாம்."

அவர் உள்ளே போய் டிவியைப் போட்டுக்கொண்டார்.

முதல் வாரத்திலேயே மூன்று இலையும் தொங்கிவிட்டன. ஓரம் பழுப்பாகி, அழுகி, கடைசியில் கட்டை மட்டும் மிச்சம். என் கணவர் லாரியைக் கழுவிவிட்டுக் கொல்லைப் பக்கம் வந்தவர், "இது நாலாவது கொலை. வெளிய தெரிஞ்சா உன்னை உள்ள வெச்சிடுவாங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னதுதான். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அதைப் பிடுங்கிப் போடவும் மனசு வரவில்லை. குளிக்கிற தண்ணீர் எப்படியும் அந்தப் பக்கம்தானே போகிறது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு காலை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது பல் தேய்க்கப் போன மாமனார் கொல்லையிலிருந்து கூப்பிட்டார்.

"ஏம்மா. உன் செத்த செடி மூக்கை நீட்டுது, வந்து பாரு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டையின் நடுவிலிருந்து ஒரு பச்சைக் குருத்து, சுருட்டு மாதிரி இறுக்கிச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தது. மாமனார் வாயில் பேஸ்ட் நுரையோடு குனிந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். அன்று நான் விடுதிக்குப் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன் என்று பக்கத்து சீட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு இலை விரிந்த பிறகு அதன் பக்கத்திலேயே அடுத்தது வந்தது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிது. பங்குனியில் என் இடுப்பு உயரம். ஆடி வருவதற்குள் துவைகல்லே தெரியாதபடி மறைத்துவிட்டது. துணி துவைக்க உட்கார்ந்தால் தலைக்கு மேலே பச்சைக் கூரை. உப்பளத்து வெயிலில் கண்ணைத் திறக்க முடியாத அந்தக் கொல்லையில், எங்கள் வீட்டில் மட்டும் நிழலில் உட்கார்ந்து துவைத்தோம். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாளியோடு வந்துவிடுவார்கள். துணி கொஞ்சம், பேச்சு நிறைய.

மாமனாரிடம்தான் பெரிய மாற்றம். அவர் தொழிலுக்கு நல்ல தண்ணீர் பகை. பாத்தியில் உப்பு இறங்குகிற நேரத்தில் மழை பெய்தால் எல்லாம் கரைந்துவிடும். அதனால் வானத்தில் மேகம் பார்த்தாலே முகம் சுருங்குகிற மனிதர். அப்படிப்பட்டவர் தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு போய், இலைமேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி விளையாட ஆரம்பித்தார். தண்ணீர் ஒட்டாமல், பாதரசம் மாதிரி உருண்டு, நடுவில் வந்து ஒரே குண்டாகச் சேரும். இலையை விரலால் லேசாகத் தட்டினால் உடைந்து பத்தாக ஓடும்.

"தண்ணி வத்தறதயே பாத்துக்கிட்டு இருந்தேன் இத்தினி வருஷமா. இதுல பாரு, என்னமா ஓடுது" என்றார் ஒரு நாள். என்னிடம் சொன்னாரா, செடியிடம் சொன்னாரா தெரியவில்லை.

அந்தக் கோடையில் பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை. ஒரு மத்தியானம் நாத்தனார் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, மாமனார் குடத்திலிருந்து சொம்பில் மொண்டு செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாராம்.

"அப்பா, அது குடிக்கிற தண்ணி."

"அதுவும் குடிக்கத்தானே போவுது" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் ஊற்றினாராம். அவள் அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். ஏற்கெனவே இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முதலில் வந்த பையன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. இரண்டாவது வந்தவர்கள் வீட்டுச் சுவரில் உப்பு ஏறியிருப்பதைப் பற்றியே பேசிவிட்டு எழுந்துவிட்டார்கள். இனிமேல் யாரையும் வரச்சொல்ல வேண்டாம் என்று அவள் முரண்டு பிடித்தாள்.

"அண்ணி, நான் தலையை குனிஞ்சிக்கிட்டு காபித் தட்டு தூக்கிட்டு வருவேன், அவங்க பஜ்ஜி தின்னுட்டு போவாங்க. அப்புறம் ஒரு போன் கூட பண்ண மாட்டாங்க. எனக்கு இது வேணாம்."

"இது ஒண்ணு பாக்கலாம். பொம்மையார்பாளையம்தான். பையன் எலக்ட்ரீஷியன். நல்லா பேசுவாராம்" என்றேன்.

"யாருகிட்ட பேசுவாராம்? டிரான்ஸ்பார்மர் கிட்டயா?"

எப்படியோ சம்மதிக்க வைத்தேன். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவதாக ஏற்பாடு. காலையில் நல்ல வெயில். நானும் அவளும் வீட்டைக் கழுவி, சுவரில் உப்பு பூத்த இடத்தில் ஒரு காலண்டரை மாட்டி மறைத்து, கேசரி கிளறி, வாழைக்காய் சீவி வைத்தோம். மாமனார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்.

மத்தியானத்துக்கு மேல் கடல் பக்கத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. அவர்கள் வேன் ஈசிஆர் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குள் திரும்புகிற நேரம் பார்த்து மழை கொட்ட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் தெருவெல்லாம் கணுக்கால் தண்ணீர். என் கணவருக்குப் போன் வந்தது: வேன் தெருமுனையிலேயே நிற்கிறது, டிரைவர் உள்ளே விட மாட்டேன் என்கிறார். எல்லோரும் பட்டுப்புடவையிலும் இஸ்திரி போட்ட சட்டையிலும் வேனுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு குடை. அதுவும் கம்பி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் கேட்டோம், அவர்கள் குடையெல்லாம் ஊருக்குப் போனவர்களோடு போயிருந்தது. தார்ப்பாய் இருந்தால் நான்கு பேர் பிடித்து அழைத்து வரலாம்.

"தார்ப்பாய் எல்லாம் உப்புக் குவியல் மேல போட்டாச்சு. இப்ப போயி அதையா உருவ முடியும்?" என்றார் மாமனார். மழையில் உப்பு கரையாமல் காப்பதற்கு எடுத்துப்போன தார்ப்பாய். அதைக் கேட்கவே எங்களுக்கு வாய் வரவில்லை.

நாத்தனார் உள்ளேயிருந்து, "நல்லதா போச்சு, திரும்பிப் போவச் சொல்லுங்க" என்றாள். குரலில் தெம்பே இல்லை. விடிகாலையில் எழுந்து தலைக்குக் குளித்து, எனக்குத் தெரியாமல் கண்ணாடி முன்னால் மூன்று புடவையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தவள் அவள்.

நான் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். யானைக்காது இலைகள் மழையை வாங்கி வாங்கிக் கீழே சரித்துவிட்டு, மறுபடியும் நிமிர்ந்துகொண்டிருந்தன. கீழே துவைகல் பாதி நனையாமல் இருந்தது.

"மாமா, இலையை வெட்டிக்கலாமா?"

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அதையா வெட்டப் போறே?" என்றார். பிறகு மகள் இருந்த அறைப் பக்கம் பார்த்தார். அரிவாள்மணைக்குப் பக்கத்தில் இருந்த கத்தியை எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு மழையில் இறங்கினார். என்னை வெட்ட விடவில்லை. ஒவ்வொரு தண்டாகப் பிடித்து அவரே அறுத்துக் கொடுத்தார். வெட்டுப்பட்ட இடத்தில் பால் கையில் படாமல் இருக்க, நான் பிரட் கவர்களைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். என் கணவர் இலைக்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார்.

அப்புறம் நான் வாசலில் நின்று பார்த்த காட்சி இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது. எங்கள் தெருவில் ஒரு பச்சை ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. முன்னால் என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வழி காட்டினார். அவருக்குப் பின்னால் பையனின் அம்மா, அரக்குப் பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையில் தன்னைவிட அகலமான இலையை ஏந்திக்கொண்டு, கோயில் யானைமேல் வருகிறவர்போல நிமிர்ந்து வந்தார். அவருக்குப் பின்னால் பையனின் தாய்மாமன், பழத்தட்டை இலைக்கடியில் வைத்துக்கொண்டு தான் நனைந்து வந்தார். கடைசியில் பையன். தெருவில் எல்லா ஜன்னலிலும் தலைகள்.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடக்கவே முடியாமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பக்கென்றது. பெண் பார்க்க வந்தவர்களைப் பார்த்துப் பெண்ணே சிரித்தால் என்ன ஆவது?

பையனுக்கும் அது கேட்டுவிட்டது. வாசலுக்கு நேரே தண்ணீரில் நின்று, இலையைக் கொஞ்சம் உயர்த்தி ஜன்னலைப் பார்த்தார்.

"உள்ள வரலாமா, இல்ல இன்னும் கொஞ்ச நேரம் சிரிக்கணுமா? எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லீங்க."

அவள் சட்டென்று ஜன்னலைவிட்டு நகர்ந்துவிட்டாள். ஆனால் உள்ளேயிருந்து சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

எல்லோரும் உட்கார்ந்து துண்டால் துடைத்துக்கொண்டிருக்கும்போது தாய்மாமன் உள்ளங்கையைச் சொறிய ஆரம்பித்தார். அவர் இலையில் சுற்றியிருந்த கவர் வழியிலேயே கழன்றுவிட்டதாம். முதலில் மரியாதைக்காக மெதுவாகச் சொறிந்தார். பிறகு இரண்டு கையாலும் சொறிந்தார். நான் பதறி எழுந்திருப்பதற்குள், காபித் தட்டோடு தலை குனிந்து வர வேண்டிய பெண் புளிக்கரைசல் கிண்ணத்தோடும் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடும் விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

"கையை நீட்டுங்க மாமா. முதல்ல புளி, கழுவிட்டு அப்புறம் எண்ணெ. கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."

அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டினார். அவள் தரையில் உட்கார்ந்து தேய்த்துவிட்டாள். பையனின் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே கேசரியை வாயில் போட்டுக்கொண்டார். அந்த அம்மா அதற்கு மேல் பெண்ணை எழுந்து நிற்கச் சொல்லவும் இல்லை, என்ன சமைக்கத் தெரியும் என்று கேட்கவும் இல்லை.

"இலை யாரு ஐடியா?" என்று பையன் கேட்டார்.

"எங்க அண்ணிது. செடி எங்க அப்பாது" என்றாள் அவள்.

பஸ்ஸில் மடியில் வைத்துச் சுமந்து வந்தவள் நான். குழி வெட்டியவளும் நான். மாமனாரைப் பார்த்தேன். நனைந்த வெள்ளைச் சட்டையோடு மூலையில் உட்கார்ந்திருந்தவர் ஒரு வார்த்தைகூட மறுக்காமல், தாடையைத் தடவிக்கொண்டு, பெரிய பண்ணைக்காரர்போலத் தலையை ஆட்டினார். எனக்கும் அப்போது திருத்தத் தோன்றவில்லை.

மழை விட்டு அவர்கள் கிளம்பிப்போன பிறகு, விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வந்தது. அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் பெண்ணிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மா. நான் போனைக் கையால் மூடிக்கொண்டு நாத்தனாரைப் பார்த்தேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றது?"

"என்னத்த சொல்றது. சரின்னு சொல்லுங்க அண்ணி." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது.

கல்யாணம் தை மாதம் நடந்தது. அதற்குள் கார்த்திகை மழையில் செடி பழையபடி தழைத்து, பக்கத்தில் புதிய கன்றுகளையும் விட்டுவிட்டது. சம்பந்தி அம்மா வாய்விட்டே கேட்டிருந்தார், தனக்கும் ஒன்று வேண்டும் என்று. ஆகவே சீர் கொண்டுபோன வேனில், குத்துவிளக்குக்கும் பித்தளைக் குடத்துக்கும் நடுவில் ஒரு பெயிண்ட் வாளியில் யானைக்காதுக் கன்றும் போயிற்று. மாமனார் வழி நெடுக அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே வந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாமனாரும் சம்பந்தி அம்மாவும் போனில் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு நாத்தனாருக்குப் புதிதாகப் பிறந்திருக்கும் பேத்தியைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தால் அது தப்பு. இலை எவ்வளவு பெரிது, எத்தனை குருத்து, என்ன எரு. பொம்மையார்பாளையத்தில் கைப்பம்புக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறார்கள். மண்ணும் நல்ல செம்மண்.

போன மாதம் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தோம். நாத்தனார் குழந்தையைத் தூக்கி மாமனார் கையில் கொடுத்தாள். அவர் கொஞ்சினார், முத்தம் கொடுத்தார், பிறகு குழந்தையோடேயே மெதுவாகக் கைப்பம்புப் பக்கம் நடந்தார். அவர்கள் செடி அவர் தலைக்கு மேலே போயிருந்தது; எங்களுடையது அவர் தோளுக்குத்தான் வரும். ஒரு இலையின் அடியில் தாத்தாவும் பேத்தியும் முழுசாக அடங்கினார்கள். சம்பந்தி அம்மா பின்னாலேயே போய், "என்ன அண்ணா, எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

"இருக்குது, இருக்குது" என்றார் மாமனார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமனார் விரலை மடக்கி எதையோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை ஆட்டுப்புழுக்கையைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து கொல்லையில் இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சும்மாதான்" என்றார்.